மாலைப் படிப்பு மையம்: ஹோம்வொர்க் கூடமாக மாறாமல் நடத்துவது எப்படி

வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்தால், முதல் கூட்டத்திலேயே பெயர், லோகோ, அறக்கட்டளைப் பதிவு எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். யார் எந்தப் பாடம் எடுப்பது என்ற பங்கீடும் நடந்துவிடும். வரப்போகும் பிள்ளைக்கு என்ன வாசிக்கத் தெரியும், கணக்கு எதுவரை தெரியும் என்ற கேள்வி மட்டும் வராது. ஐந்தாம் வகுப்பு என்றால் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான மையங்கள் தடம் புரள்வது அங்கேதான்.

ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க வராமல் இருக்கலாம். அது தெரியாமல் பாடம் எடுத்தால் பிள்ளை தலையாட்டும்; உள்ளே ஒன்றும் போயிருக்காது. சில வாரங்களில் சொல்லிக்கொடுப்பவருக்கே சலித்துப்போய், "சரி, ஹோம்வொர்க்கையாவது முடிச்சுக் கொடுப்போம்" என்று இறங்கிவருவார். இதில் ஆபத்து என்னவென்றால், அது எல்லோருக்கும் பிடித்துப்போகும். நோட்டு நிரம்புகிறது, பள்ளியில் திட்டு இல்லை, வீட்டில் நிம்மதி, தன்னார்வலருக்கும் வேலை சுலபம். பிள்ளை மட்டும் கைடில் இருக்கும் பதிலைப் படம் பார்த்து வரைவதுபோல் பார்த்து எழுதப் பழகியிருக்கும். யாரும் குறை சொல்லாத பழக்கத்தை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

ஆகவே வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பது, வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் மட்டும் எடுத்துக்கொள்வது, சின்னதாக நடத்துவது என்று தொடங்குவதே நல்லது. ஆங்கிலம், கணினி, ஓவியம், ஆளுமை வளர்ச்சி எல்லாம் காத்திருக்கலாம்.

முதலில் தெருவைச் சுற்றுங்கள்

இடம் பிடிப்பதற்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். பத்து நிமிட நடைக்குள் இருக்கும் பிள்ளைகள்தான் மையத்தில் நிலைப்பார்கள். இடையில் பெரிய சாலை இருந்தால் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. கையில் ஒரு நோட்டு, அதில் நாலே கட்டம்: பெயர், வயது, எந்த வகுப்பு (அல்லது பள்ளிக்கே போகவில்லையா), மாலையில் என்ன வேலை. கடைசிக் கட்டம்தான் உங்களுக்கு நேரத்தைக் குறித்துத் தரும். தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டுக்குக் காவல் இருப்பது என்று பிள்ளைகளுக்கு மாலையில் நிறைய வேலை உண்டு. தன்னார்வலர்களின் அலுவலக நேரத்தைப் பார்த்து மையத்தின் நேரத்தை வைத்தால், ஒரு மாதத்தில் பாய் மட்டும்தான் விரிந்திருக்கும்.

பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்குப் பல வீடுகளில் இடுப்பில் இருக்கும் குழந்தைதான் காரணம். "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிடுங்கள். ஓர் ஓரத்தில் தனிப் பாய், விளையாட மரக்கட்டைகள், கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற படப் புத்தகங்கள் நாலைந்து, பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாமல் "பெண் கல்வி" என்று பேனர் கட்டிப் பயனில்லை.

இடத்தைப் பொறுத்தவரை ஒரே சோதனை: அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் கால் வைக்கக்கூடியதா? ஒருவர் வீட்டுத் திண்ணை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சண்டை வந்தால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். கட்சி அலுவலகமும் ஒரு சாராரின் வழிபாட்டு இடமும் அப்படித்தான். பள்ளிக்கூடமோ பொது நூலகமோ பொதுக் கூடமோ கிடைத்தால் அதற்கே முதலிடம். தரையில் உட்காரும் இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தது 200 சதுர அடி வேண்டும். மூன்று குழுவாகப் பிரித்து உட்காரவைக்க 300 இருந்தால் ஒருவர் சத்தம் மற்றவரை இடிக்காது. கழிப்பறை, குடிதண்ணீர், மின்சாரம் போனால் எரியும் விளக்கு ஆகிய மூன்றும் முதல் நாளே இருக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் கழிப்பறை இல்லாத இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் வரமாட்டார்கள். காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

தொடக்கத்தில் இருபது பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். அறுபது பேர் வரிசையில் நின்றாலும் இருபதுதான். மீதிப் பேரைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு, எப்போது இடம் வரும் என்று அவர்கள் வீட்டில் நேராகச் சொல்லிவிடுங்கள்.

நிலை பார்ப்பது

இதற்கு நீங்களாக வினாத்தாள் தயாரிக்கவேண்டியதில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-லிருந்து வெளியிட்டுவரும் அசர் கல்வி நிலை அறிக்கைக்கென ஒரு வாசிப்புத் தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. ஒரே தாளில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பத்தியிலிருந்து தொடங்கவேண்டும். பிள்ளை அதை வாக்கியமாக, ஓட்டமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். தடுமாறினால் சொற்களுக்கு இறங்குங்கள்: ஐந்து சொல்லில் நாலு சரியா? அதுவும் இல்லையென்றால் எழுத்துகள், அங்கேயும் ஐந்தில் நாலு. எந்தப் படியில் நிற்கிறதோ அதுவே பிள்ளையின் நிலை. கணக்குக்கும் இதேபோல் ஏணி உண்டு: ஒன்று முதல் ஒன்பது, இரண்டு இலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். அங்கே கழித்தலில் தொடங்கி மேலேயோ கீழேயோ போவார்கள்.

ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும். பக்கத்தில் இன்னொரு பிள்ளை நின்றால் அது முணுமுணுத்துச் சொல்லிக்கொடுத்துவிடும். பள்ளிப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொல்லவும் கூடாது. முதல் பாடம் பல பிள்ளைகளுக்கு மனப்பாடம், பக்கத்தைப் பார்க்காமலேயே கடகடவென்று ஒப்பிக்கும். சந்தேகம் வந்தால் நடுவில் இருக்கும் ஒரு சொல்லைத் தொட்டுக்காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள், வெளுத்துவிடும். வாய்திறக்காத பிள்ளையை உடனே "எழுத்துத் தெரியாது" என்று குறித்துவிடாதீர்கள். இரண்டு நாள் விளையாடவிட்டுப் பிறகு பாருங்கள்.

கண்ணையும் காதையும் அன்றைக்கே கவனித்துவிடுங்கள். பலகையில் இருப்பதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஆகியோரை முதலில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மாதக்கணக்கில் எழுத்து சொல்லிக்கொடுத்தும் ஏறாதது, கண்ணாடி போட்டதும் ஏறிய கதைகள் இந்தத் துறையில் சகஜம்.

நிலை தெரிந்ததும் மூன்று குழு: எழுத்து நிலை, சொல் நிலை, பத்தியும் அதற்கு மேலும். வகுப்பு வேறு வேறாக இருக்கும், கவலைப்படாதீர்கள். இப்படிப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்கள் நிலையிலிருந்தே சொல்லிக்கொடுப்பது பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற திட்டத்தில், பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கியிருந்த பதினைந்து, இருபது பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் உடன் ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்ட முடிவுகளின்படி மதிப்பெண்கள் கூடின. கடைசியில் இருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து இந்த இருவரும் 2019-ல் பொருளாதார நோபல் வாங்கியது இதுமாதிரியான களப் பரிசோதனைகளுக்காகத்தான். பி.எட். முடித்தவர் கிடைக்கவில்லையே என்று ஏங்குபவர்கள் அந்த இரண்டு வாரப் பயிற்சியை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு எழுத்து நிலையில் உட்காரவைத்தால் மூன்றாம் நாள் வரமாட்டான். நிலை ஒன்றாக இருக்கலாம், கையில் இருக்கும் பொருள் ஒன்றாக இருக்கக்கூடாது. பெரிய பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வேண்டாம். பேருந்துப் பலகை, கடைப் பெயர்கள், விளையாட்டுச் செய்தித் தலைப்பு, அவர்களுக்கு ஏற்கெனவே வாயில் இருக்கும் பாட்டின் வரி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். குழுக்களுக்கு "முதல், இரண்டாம்" என்று எண் போடாமல் ஏதாவது பெயர் வையுங்கள். எது கடைசிக் குழு என்று பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடும்தான். இருந்தாலும் நாமே எழுதி ஒட்டவேண்டியதில்லை.

தமிழ் வாசிப்பில் எங்கே மாட்டுகிறது

247 எழுத்தையும் வரிசையாக அ-விலிருந்து ஒப்பிக்கவைத்து முடித்த பிறகுதான் சொல் என்று கிளம்பினால், பாதிப் பிள்ளைகள் ஈகார வரிசையிலேயே நின்றுவிடும். எழுதவும் பார்க்கவும் எளிதான எழுத்துகளில் தொடங்கி உடனே சொல்லுக்குப் போய்விடுங்கள். ட, ப, ம, ர, த, க, அவற்றோடு ட், ம். இந்த எட்டை வைத்தே படம், மரம், தடம், கரம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். இரண்டாம் வாரத்தில் ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்த பிள்ளை மூன்றாம் வாரமும் வரும். அடுத்து கால் சேர்த்து பாடம், மாதம், தாகம். பிறகு இகரம், ஈகாரம். இவை எழுத்துக்கு மேலே ஏறுகிற குறிகள், பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

தொந்தரவு உகரத்தில் தொடங்குகிறது. மற்றக் குறிகள் எல்லா எழுத்துக்கும் ஒரேமாதிரி. உகரமும் ஊகாரமும் மட்டும் ஆளுக்கு ஒரு விதம். எனவே அகர வரிசையை விட்டுவிட்டு வடிவக் குடும்பமாகச் சொல்லிக்கொடுங்கள்: சு, பு, யு, வு ஒரு குடும்பம், து, நு, று, லு, ணு, னு இன்னொன்று, கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. நாளுக்கு ஒரு குடும்பம், நாலு சொல். ஊகாரத்தை அதே வாரத்தில் திணிக்காதீர்கள்.

அடுத்தது கொம்பு. 'பெட்டி' என்று வாசிக்க வேண்டுமென்றால் கண்ணில் முதலில் படும் குறியைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த எழுத்தைப் பார்த்து, பிறகு இரண்டையும் சேர்க்கவேண்டும். பிள்ளை அந்த இடத்தில் திகைத்து நிற்பது சோம்பேறித்தனம் இல்லை. கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒட்டியே காட்டுங்கள், பிரித்துக் காட்டவேண்டாம். 'கொடி' இன்னும் மோசம்: முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் காலை ர என்று எடுத்துக்கொண்டு 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அச்சில் ர-வுக்குக் கீழே சிறு சாய்கோடு இருக்கும். சொல்லிக்கொடுப்பவர் பலகையில் எழுதும்போது அது பறந்துவிடும். 'பாரம்' என்று எழுதினால் பிள்ளைக்கு ஒரே உரு அடுத்தடுத்து இரண்டு முறை தெரியும். எனவே பலகையில் எழுதுபவர் அந்தச் சாய்கோட்டைப் போட்டே ஆகவேண்டும் என்று மையத்தில் ஒரு சட்டமே போட்டுவிடலாம்.

இன்னொன்று ஒலி. கல், பகல், தங்கம் என்ற மூன்றிலும் க ஒன்றுதான், வாயில் வருவது மூன்று விதம். "ப... க... ல்" என்று அழுத்தமான க-வோடு எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது தினமும் சொல்லும் 'பகல்' என்றே உறைக்காது. எழுத்துக்கூட்டி முடித்ததும் "சேர்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். வரவில்லையென்றால் நீங்கள் இயல்பாகச் சொல்லி, பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். 'போகிறேன்' என்று இருப்பதைப் 'போறேன்' என்று வாசித்தால் முதல் மாதங்களில் விட்டுவிடுங்கள். பொருள் புரிந்துதான் வாசிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு இந்த வசதியும் கிடையாது. எழுத்துக்கு முன்னால் அவர்களோடு நிறையப் பேசவேண்டும், படம் காட்டிப் பெயர் சொல்லவேண்டும். இல்லையென்றால் எழுத்தைச் சரியாகக் கூட்டுவார்கள், சொல் எதுவும் மனதில் விழாது.

சொல் நிலையிலிருந்து பத்தி நிலைக்கு ஏறுவதில்தான் அதிக நாள் பிடிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதில் பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டி கடைசி 'து'-வுக்கு வருவதற்குள் முதல் 'பள்' மறந்துபோகும். விரலால் மறைத்துத் துண்டு துண்டாகக் காட்டுங்கள்: பள்ளிக், கூடத், திலிருந்து. இல், இருந்து, உக்கு, கள், ஆர்கள் போன்ற வால்களைக் கண்ணால் பார்த்ததும் சொல்லும்வரை தனியாகப் பழக்கலாம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கில வாசிப்புக்குச் சொல்லப்படும் இலக்குகளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், நம் சொல்லுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதே பத்தியை ஒரே பிள்ளை இரண்டு வாரம் கழித்து எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறது என்று பார்த்தால் போதும்.

கணக்கில் பெரிய முடிச்சு இடமதிப்பு. 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள், அதாவது எது பெரியதோ அதிலிருந்து. 'இருநூற்று மூன்று' என்றால் 2003 என்று எழுதுவதும் இதே நோய்தான். விதியை எத்தனை முறை சொன்னாலும் மாறாது. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கையில் கொடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு தனி. "ஏழு குச்சி எடு" என்றால் பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும். நாலைந்து நாள் குச்சியோடு செய்த பிறகுதான் தாளில். ஒரு குழுவுக்கு 100 குச்சி வீதம் மூன்று செட்டு வேண்டும். தொலைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு செட்டு கூடுதலாக வைத்திருங்கள்.

ஒன்றரை மணி நேரம்

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம். வார இறுதியில் மட்டும் நாலு மணி நேரம் என்று வைத்தால், போன வாரம் படித்த எழுத்து இந்த வாரம் இருக்காது. முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் கதை வாசித்துக்காட்டுவது. தாமதமாக வருகிற பிள்ளைகளும் இதற்குள் வந்துவிடும். அடுத்து 35 நிமிடம் குழுவாக வாசிப்பு, 25 நிமிடம் கணக்கு. மீதி 20 நிமிடம் பிள்ளை தானே புத்தகம் எடுத்து வாசிப்பது, பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டுவது. சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஹோம்வொர்க் தவிர்க்கவே முடியாது என்று பெற்றோர் அடம்பிடித்தால் இந்த 90 நிமிடத்துக்கு வெளியே அரை மணி நேரம் இடத்தைத் திறந்து வையுங்கள், உள்ளே கலக்காதீர்கள். பரீட்சை நேரத்தில் இந்த அணை உடையப் பார்க்கும். அந்த வாரங்களில் மட்டும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், வாசிப்பு நேரத்தைக் கடித்துக்கொள்ளக்கூடாது.

பொருள்கள் அதிகம் தேவைப்படாது. பாய்கள், ஆளுக்கு ஒரு சிலேட்டு, சாக்பீஸ், துடைக்கத் துணி, குழுவுக்கு ஒரு சின்னக் கரும்பலகை, எழுத்து அட்டைகள், குச்சிகள், மெல்லிய கதைப் புத்தகங்கள் 60 அல்லது 80. சிலேட்டு ஏன் என்றால் "எல்லோரும் எழுதித் தூக்கிக் காட்டுங்க" என்று சொன்ன மாத்திரத்தில் யாருக்குத் தெரியவில்லை என்று தெரிந்துவிடும். நோட்டில் அது நடக்காது. பென்சில்கள் மையத்திலேயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொடுத்தால் மறுநாள் பாதி திரும்பாது. கதைப் புத்தகம் மட்டும் தாராளமாக வீட்டுக்குப் போகலாம். கிழியும், சில தொலையும். அலமாரியில் பத்திரமாக இருக்கும் புத்தகத்தால் யாருக்கு என்ன லாபம்?

பழைய பாடப்புத்தக மூட்டைகளை வாங்கிக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று வாங்கி அடுக்கினால், ஒரு மூலை முழுக்க அதுவே நிறைந்துவிடும். பிள்ளைகள் நடுவில் பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களும் அப்படித்தான்: ஒரு மாலை போய்விடும், படம் எடுப்பார்கள், திரும்ப வரமாட்டார்கள்.

ஆட்கள், பாதுகாப்பு

மையம் தினமும் திறப்பது ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். அவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவராக, மாதம் தவறாமல் சம்பளம் வாங்குபவராக இருப்பது நல்லது. மொத்தச் செலவில் பெரும்பங்கு அந்தச் சம்பளமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் மழை பெய்யும் நாளில் பிள்ளைகள் வந்திருப்பார்கள், கதவு பூட்டியிருக்கும். அப்படி இரண்டு முறை நடந்தால் போதும். தன்னார்வலரிடம் கேட்கவேண்டியது வாரத்தில் எந்த இரண்டு நாள், குறைந்தது மூன்று மாதம் முடியுமா என்பதுதான். "எப்ப டைம் கிடைக்குதோ அப்ப வர்றேன்" என்பவருக்கு எழுத்து அட்டை வெட்டுவது, புத்தகம் ஒட்டுவது மாதிரி வேலை கொடுங்கள். பிள்ளைகள் முகம் பழகி ஒட்டிக்கொண்டபின் ஆள் மாறிக்கொண்டே இருந்தால், அடுத்து வருபவரிடம் அவர்கள் ஒட்டுவதில்லை.

பாதுகாப்பு விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்தே இருக்கும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக்கூடாது, தனியாக வெளியே கூட்டிப்போகக்கூடாது, பிள்ளையின் போனுக்குச் செய்தி அனுப்பக்கூடாது. தகவல் எல்லாம் பெற்றோர் வழியாக. அடி கிடையாது, முட்டி போடுதல் கிடையாது, கேலிப் பெயர் கிடையாது. புதிதாக வரும் எவருக்கும் அடையாளச் சான்றும், தெரிந்த இரண்டு பேரிடம் விசாரிப்பும் கட்டாயம். உங்கள் ஊரில் போலீஸ் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதுவும். சொந்தக்காரர், நண்பரின் நண்பர் என்று யாருக்கும் விலக்கு வைக்காதீர்கள். விதி உடைவது விலக்கில்தான். புகார் வந்தால் யாரிடம் சொல்லவேண்டும், அவர் மேலேயே புகார் என்றால் யாரிடம் என்ற இரண்டு எண்களும் பெற்றோர் கையில் இருக்கட்டும். பிள்ளையிடமிருந்து தொல்லை பற்றி ஏதாவது காதில் விழுந்தால் நீங்களே விசாரணை நடத்தக் கிளம்பவேண்டாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ அன்றைக்கே தெரிவிக்கவேண்டும். இந்தியாவில் அந்த உதவி எண் 1098.

புகைப்படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம் இருந்தாலும் கிழிந்த சட்டையைத் தேடி எடுக்காதீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் அதே படத்தைப் பார்ப்பான்.

வராத பிள்ளை

நல்ல பாடத்திட்டம் இருந்தும் கவிழ்வது வருகையில். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு முகாம்களை ஆராய்ந்தபோது, வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியிருந்தது; ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகளில் முகாமுக்கு வந்தவர்கள் 8 சதவீதம்தான். இலவசம், பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் மட்டும் யாரும் வந்துவிடுவதில்லை.

வருகைப் பதிவேட்டை அழகுக்காக வைக்காமல் தினமும் முடிந்ததும் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே ஒருவர் போகவேண்டும். குறை கேட்கும் தொனி வேண்டாம். "உடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தோம்" என்றால் போதும். காய்ச்சல், ஊருக்குப் போனது, வேலைக்கு அனுப்பிவிட்டது, இன்னொரு பிள்ளை கேலி செய்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கும். கடைசிக் காரணம் மையத்துக்குள் சரிசெய்யக்கூடியது. போய்க் கேட்காமல் தெரியவராது. கூலி வேலைக்கு ஊர் ஊராக மாறும் குடும்பம் என்றால் பிள்ளையின் நிலை, வாசித்த புத்தகங்கள், கணக்கில் எங்கே நிற்கிறது என்பதை ஓர் அட்டையில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கே போகாத பிள்ளை வந்தால் மையத்திலேயே வைத்து வளர்க்கலாம் என்று ஆசை வரும். மையம் பள்ளிக்கு மாற்று ஆகாது. சேர்க்கைக்கு எந்தச் சான்று இல்லை என்று பார்த்து, அதற்கு அலைவதற்குத் துணை போய், தலைமை ஆசிரியரிடம் பேசிச் சேர்த்துவிட்டு, மாலையில் அதே பிள்ளைக்கு வாசிப்பு சொல்லிக்கொடுங்கள். பள்ளியோடு உறவு வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது நன்றாக இருக்கவேண்டும். பள்ளியில் சரியாகச் சொல்லித்தருவதில்லை என்று துண்டறிக்கை அடித்துவிட்டு அதே வாசலில் போய் நிற்க முடியாது.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே தாளில் எல்லோரையும் திரும்பப் பார்த்து, குழு மாற்றுங்கள். பதிவுக்கு ஒரே தாள்: இடது பக்கம் பெயர், மேலே தேதி, கட்டத்தில் நிலை. இரண்டு சுற்றாக ஒரே படியில் நிற்கும் பிள்ளை இருந்தால், அதன் வருகையை எடுத்துப் பாருங்கள். வருகை குறைவு என்றால் வீட்டுக்குப் போங்கள். வருகை சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ஒன்று கண், காது. இல்லை கற்றலில் குறைபாடு. இல்லை அந்தக் குழுவில் சொல்லிக்கொடுப்பவர். குழு முழுக்கவே நகரவில்லை என்றால் மூன்றாவதுதான்.

அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்வது வெளியாரிடம் பணம் வாங்கத் தொடங்கும்போது வரட்டும். அதுவரை நாலு பேர் மாதாமாதம் போடும் தொகை, இரண்டு பேர் கையெழுத்து, மாதக் கடைசியில் வரவு செலவு சுவரில். சம்பளத்துக்கு ஆறு மாதக் கையிருப்பு சேர்வதற்கு முன் இரண்டாவது மையம் பற்றிப் பேசாதீர்கள். அதற்குப் பணம் மட்டும் போதாது. தொடங்கியவர்களில் ஒருவரும் எட்டிப்பார்க்காமல் முதல் மையம் ஒரு மாதம் நேரத்துக்குத் திறந்து, பதிவேடு விடாமல் எழுதப்பட்டு, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போயிருந்தால் அடுத்த தெருவைச் சுற்றக் கிளம்பலாம். மூட நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே பெற்றோரைக் கூட்டிச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் நிலை அட்டையையும் அவர்கள் கையில் கொடுத்து, கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.